கோவித்துக்கொண்டு போன வாதாமரம்

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பால்காரர் போன பிறகு பேப்பர் போடுகிறவர் வருவதற்குள் இருக்கிற அந்த இருபது நிமிஷத்தில், வெள்ளமணல் கிட்டங்கித் தெரு ஏழாம் நம்பர் வீட்டுத் தோட்டத்தில் ஏழு வருஷமாக நின்றிருந்த வாதாமரம் கோவித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டது. வெகுதூரம் ஒன்றும் போகவில்லை. மூன்றாம் நம்பர் வீட்டில், எட்வின் வாத்தியாரின் குளியலறைக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்த வாத்தியார் மரத்தைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், ஸ்கூட்டரை ஓரமாக நகர்த்திவிட்டு வாய் கொப்பளித்தார்.

வாதாமரம் என்றதும், இரவு ஊறவைத்துக் காலையில் தோலுரித்துத் தின்கிற கடைப் பாதாமை நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்த மகாராணி குளிர்தேசத்துக்காரி, நம் வெயிலில் இரண்டு நாள் தங்கமாட்டாள். இது நாட்டு வாதா. குடைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கியதுபோல் கிளை விரித்து, சோறு போட்டுத் தின்கிற அகலத்துக்கு இலை விட்டு, அந்த இலை விழுவதற்கு முன்னால் கல்யாணப் பெண் மாதிரி சிவந்து, உப்புக்காற்றில் ஒரு குறையும் சொல்லாமல் வளருகிற மரம். அதன் கொட்டையைக் கல்லால் தட்டினால் உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பருப்பு இருக்கும். அந்தப் பருப்புக்காக விரலை நசுக்கிக்கொள்ளாதவர் அந்தக் கடற்கரையில் ஒருவரும் கிடையாது.

ஏழாம் நம்பர் வீட்டுக்காரி தங்கபுஷ்பம். ஊர்ப் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லுகிறவள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் தொடங்கினால் திருச்செந்தூர் பஸ்ஸே ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும் என்பார்கள். வாதாங்கொட்டையைத் துறைமுக ரோட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவள் அவளுடைய நாத்தனார் சொர்ணக்கனி. பக்கத்து எட்டாம் நம்பர் வீட்டில் இருந்துகொண்டு முந்திரியும் முட்டைவெள்ளையும் அடித்து மக்ரூன் சுட்டு ஊருக்கெல்லாம் விற்கிறவள். குழி தோண்டி, அடியில் நாலு சாளை மீனைப் புதைத்து, மேலே ஆட்டுப்புழுக்கையும் சாம்பலும் போட்டு, இரண்டு பேரும் சேர்ந்துதான் கொட்டையை வைத்தார்கள். முளைத்த பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றியது தங்கபுஷ்பத்தின் புருஷன் தவசிமுத்து. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த அவர், கோடைகாலத்தில் உடைந்த ஐஸ்கட்டிகளைச் சாக்கில் சுமந்துவந்து மரத்தடியில் வைத்து, அது சொட்டுச் சொட்டாக உருகி வேருக்குப் போவதை வேலிக்கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு அவருக்கு இருந்ததில்லை.

மரம் நன்றாகத்தான் வளர்ந்தது, காய்க்கத்தான் இல்லை. ஐந்தாம் வருஷம் பொறுத்தார்கள், ஆறாம் வருஷம் பேசிக்கொண்டார்கள், ஏழாம் வருஷம் தெருவே பேசியது. காய்க்காத மரத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. அமாவாசை காலையில் ஒருவர் கோடாலியோடு மரத்தடிக்குப் போய், "காய்ப்பியா, மாட்டியா? இன்னைக்கு உன்னை வெட்டாம விடமாட்டேன்" என்று மூன்று முறை பட்டையில் தட்ட வேண்டும். மூன்றாம் தட்டுக்கு இன்னொருவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "ஐயோ, வெட்டாதிய, பச்சப்புள்ள, அடுத்த வருசம் காய்ச்சிரும், நான் ஜாமீன்" என்று தடுக்க வேண்டும். பயமும் வேண்டும், பயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆதரவும் வேண்டும், அப்போதுதான் மரம் யோசிக்கும். ஒற்றை ஆளாகச் செய்தால் அது சடங்கு இல்லை, வெறும் கொலை மிரட்டல்.

முன்பு எலுமிச்சைக்கு இதைச் செய்தபோது தடுக்க வந்தவள் சொர்ணக்கனிதான். அவள் அழுத அழுகையைக் கேட்டு நாலு வீட்டுக்காரர்கள் யார் செத்துப்போனது என்று ஓடிவந்தார்கள். எலுமிச்சை அந்த வருஷமே கிளை ஒடியக் காய்த்தது. ஆனால் இந்த முறை அவளைக் கூப்பிட வழியில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கபுஷ்பம் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஊரெல்லாம் தாம்பாளம் ஏந்திப் போய் அழைத்தவள், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற, மகளுக்குச் சொந்த அத்தையான நாத்தனாருக்கு மட்டும் "மைனிதானே" என்று பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டாள். சொர்ணக்கனி நிச்சயத்துக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு வந்தாள், அத்தை முறை ஒன்றுவிடாமல் செய்தாள், பந்தியில் பாயசம் வரைக்கும் சாப்பிட்டாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனாள். போன் இருப்பதே அதற்குத்தானே என்று தங்கபுஷ்பமும் விட்டுவிட்டாள். இருவரில் யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று தெருவில் இன்னும் முடிவாகவில்லை.

ஆக, தடுக்கிற வேலை தவசிமுத்துவுக்கு வந்தது. அவர் நல்ல மனுஷர். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் பெண்டாட்டி சொன்ன எதற்கும் "சரி" என்பதைத் தவிர வேறு சொல் சொன்னதில்லை. வீட்டுக்குப் பச்சை வர்ணம் அடிக்கட்டுமா என்றால் சரி. பச்சை கண்ணை உறுத்துகிறது, மாற்றட்டுமா என்றாலும் சரி. ஊரில் மற்ற பெண்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். தங்கபுஷ்பத்துக்கு மட்டும், கிணற்றுக்குள் கூப்பிட்டால் தன் குரலே திரும்பி வருவதுபோல் சில நாள் இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அமாவாசை காலையில் அவள் கோடாலியைத் தூக்கினாள். பேருந்து நிலையக் குரல் அல்லவா, தெருமுனை வரைக்கும் கேட்டது.

"ஏ மரமே! ஏழு வருசமா தின்னுட்டுச் சும்மா நிக்கியே, வெக்கமா இல்ல? இன்னைக்கு உன்னை வெட்டாம விடமாட்டேன்!"

ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்றாம் தட்டும் முடிந்தது. தவசிமுத்து வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். கண்ணைக் காட்டினாள், அவருக்குப் புரியவில்லை. கடைசியில் பொறுமை போய் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"என்னங்க, வெட்டட்டுமா?"

"சரி" என்றார் தவசிமுத்து.

"வேண்டாம்னு சொல்லணும்ங்க!"

"சரி. வேண்டாம்."

அந்த வேண்டாம் மரத்துக்காகச் சொன்னதில்லை, பெண்டாட்டிக்குச் சொன்ன இன்னொரு சரி என்பது மரத்துக்குத் தெரியாமல் போகுமா? ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றிய கை, ஐஸ் சுமந்த தோள், அந்த வாயிலிருந்தே வெட்டு என்று வந்துவிட்டது. மரம் அன்று முழுக்க ஒரு இலைகூட அசைக்காமல் யோசித்தது. மறுநாள் காலை அது நின்ற இடத்தில் ஆள் இறங்குகிற ஆழத்துக்கு ஒரு குழி மட்டும் இருந்தது.

கிட்டங்கித் தெரு இதற்கெல்லாம் மலைக்கிற தெரு இல்லை. மதிலேறிப் போனதா, கேட்டைத் திறந்து போனதா என்று யாரும் துப்புத் துலக்கவில்லை. வாசலுக்கு வந்த விருந்தாளியை எந்த பஸ்ஸில் வந்தாய் என்று குறுக்கு விசாரணை செய்வது மரியாதையும் இல்லை. எட்வின் வாத்தியார் வீட்டம்மா முதல்நாளே வேரடியில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, "இருந்துட்டுப் போ, அவ கொஞ்சம் கோவக்காரி, மனசுல ஒண்ணும் கிடையாது" என்று சமாதானம் சொன்னாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது மரத்துக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் முடிந்ததும், அதே பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் நடுவில் கிளம்பி, அஞ்சாம் நம்பரில் மீன் விற்கிற பாத்திமுத்து வீட்டில் போய் நின்றது. அவள் மூன்று நாளும் மீன் கழுவிய தண்ணீரையே ஊற்ற, இலைகள் தாம்பாளம் அளவுக்கு விரிந்து அந்த வீட்டில் அடுப்பங்கரை வரைக்கும் நிழல் விழுந்தது. அடுத்துப் போன பதினோராம் நம்பர் வீட்டில் தோட்டமே கிடையாது. மரம் கொஞ்சமும் சங்கடப்படாமல் மொட்டைமாடி ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது, அந்த வீட்டுக்காரர்கள் மூன்று நாளும் அதன் நிழலில் பாய் விரித்து மத்தியானச் சோறு சாப்பிட்டார்கள்.

இப்படியே தெரு அதற்குப் பழகிவிட்டது. அடுத்து யார் வீடு என்று பெண்கள் குழாயடியில் பேசிவைத்து, வருகிற நாளுக்கு முந்தின நாளே தோட்டத்தைப் பெருக்கினார்கள். ஒன்பதாம் நம்பர்க்காரர்கள் ஊருக்குப் போகிற பயணத்தைத் தள்ளிவைத்தார்கள், வந்த மரத்தைப் பூட்டின வீட்டில் நிற்கவிட முடியுமா? நகராட்சியிலிருந்து மரம் கணக்கெடுக்க வந்த ஒருவர், இரண்டாம் நம்பர் வீட்டில் அதை எழுதிக்கொண்டு போய் நாலு நாள் கழித்துப் பதினான்காம் நம்பர் வீட்டில் மறுபடி பார்த்து, அடித்து எழுதி அடித்து எழுதி, கடைசியில் "விருந்தாளி" என்று ஒரு பத்தி போட்டு அதில் சேர்த்துக்கொண்டார். அடிபட்ட இடத்தில் பட்டை ஆறட்டும் என்று ஒருத்தி மஞ்சள் அரைத்துப் பூசினாள். மரத்துக்கு இவ்வளவு உபசாரம் ஏழு வருஷத்தில் கிடைத்ததில்லை, அதுவும் ஒரு சுற்றுச் சதை போட்டது.

தங்கபுஷ்பத்துக்குத்தான் தூக்கம் போய்விட்டது. காலையில் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே குழி. அவள் ஒவ்வொரு வீடாகப் போனாள். முதலில் அதட்டினாள். "போதும் வா, ஊர் சிரிக்கி." பிறகு ஆசை காட்டினாள். "உனக்குன்னு கடலைப் பிண்ணாக்கு ஊறப்போட்டிருக்கேன்." பிறகு அழுதேவிட்டாள். மரம் அவள் தலையில் வெயில் படாமல் ஒரு கிளையைச் சாய்த்ததே தவிர, கூட வரவில்லை. இருபதாம் நாள் அவள் வேலையிடத்தில், தன்னை அறியாமல் மைக்கில் சொன்னாள்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, கிட்டங்கித் தெரு வாதாமரம் தற்போது பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் நிற்கிறது, யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது." பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. உடன்குடிக்குப் போக வேண்டிய ஒருவர் பஸ்ஸை விட்டுவிட்டுப் போய் மரத்திடம் பேசிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் கேட்டாள். "என்னங்க, அது திரும்பி வராதோ?"

"சரி" என்றார் அவர், பழக்கதோஷத்தில். சொல்லிவிட்டு எழுந்து, காலி வாளியோடு குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் தோள் குலுங்குவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பன்னிரண்டு வீடு முடிந்தது. மிச்சம் எட்டாம் நம்பர். முதலிலேயே அங்கே போயிருந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இன்னும் சண்டை மூட்டியதாக ஆகும் என்று மரம் யோசித்திருக்க வேண்டும், சில மனுஷர்களுக்கு அந்த யோசனை வராது. முப்பத்தேழாம் நாள் காலையில் அது சொர்ணக்கனியின் தோட்டத்தில், மக்ரூன் சுடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று நாள் ஆனது, ஆறு நாள் ஆனது, மரம் நகரவில்லை. பத்தாம் நாள் பூத்தது. கிளை நுனிகளில் பொடிப்பொடியாக வெள்ளைப்பூ சரம் சரமாக, கம்மென்று ஒரு வாடையோடு, ஏழு வருஷத்தில் முதல்முறையாக. தேனீக்கள் தங்கபுஷ்பத்தின் வீட்டுக் கொல்லையைத் தாண்டி, அவள் தலைக்கு மேலேயே பறந்து அந்தப் பக்கம் போயின.

மதிலுக்கு இந்தப்புறம் நின்றவளுக்கு முதலில் வயிறு எரிந்தது. எரிந்து தணிந்தபோது, அடியில் வேறொன்று இருந்தது. இந்தப் பூவை மைனியும் தானும் சேர்ந்து பார்த்திருக்க வேண்டும், இரண்டு பேரும் இருந்திருந்தால் எவ்வளவு கத்தியிருப்போம், தெருவையே கூட்டியிருப்போமே என்று தோன்றியது. அவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு, கத்துவதற்கு.

மறுநாள் தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பூ, பழம் எடுத்துவைத்து, தவசிமுத்துவை வெள்ளைச்சட்டை போடச் சொன்னாள். சரி என்று போட்டுக்கொண்டார். தங்கள் கேட்டைத் திறந்து, பதினோரு எட்டு நடந்து, அடுத்த கேட்டுக்குள் போனார்கள். தெரு முழுக்கக் கதவிடுக்கில் நின்று பார்த்தது.

"மைனி, நம்ம வீட்டு மரத்த அழைக்க வந்திருக்கோம். நீங்களும் வரணும்."

சொர்ணக்கனி கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே சாவகாசமாக வந்தாள். "எதுக்கு இம்புட்டுத் தூரம் நடந்து வாறிய? போன்ல அனுப்பிருக்கலாம்லா? மரத்துக்குந்தான் ஒரு மெசேஜப் போட்டுருக்கலாம்."

"தப்புதான் மைனி."

இரண்டு வருஷமாக நெஞ்சில் உருட்டி உருட்டிப் பெரிதாக்கி வைத்திருந்த வார்த்தை, வெளியே வந்தபோது ஒரு நொடி நீளம்கூட இல்லை. சொர்ணக்கனி தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மக்ரூன் தின்னுதியாட்டி? சூடா இருக்கு" என்றாள்.

மூன்று பேரும் தின்றார்கள். தின்று முடித்ததும் சொர்ணக்கனி சொன்னாள்: "மரத்த நான் ஒண்ணும் பிடிச்சுவைக்கல. ஆனா தாம்பாளத்த நீட்டுனதும் எறங்கி வர அது என்ன என்னய மாதிரி இளிச்சவாயா? மெரட்டுனது ஊரறிய. சமாதானமும் ஊரறியத்தான் நடக்கணும். அந்தக் கோடாலிய எடுத்துட்டு வா. இந்தவாட்டி வெட்டப்போறவ நான்."

வெள்ளிக்கிழமை காலை பதினான்கு வீட்டுக்காரர்களும் எட்டாம் நம்பர் தோட்டத்தில் கூடிவிட்டார்கள். எட்வின் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டிருந்தார், பாத்திமுத்து மீன்கூடையோடு நின்றாள், பன்னிரண்டு வீட்டிலும் வைத்துக் காப்பாற்றிய பிள்ளைக்கு இன்று என்ன ஆகுமோ என்று எல்லாருக்கும் திக்கென்றிருந்தது. சொர்ணக்கனி சேலையை வரிந்து கட்டி, கோடாலியை ஓங்கினாள். அழுவதில் மட்டுமில்லை, மிரட்டுவதிலும் அவளை யாரும் மிஞ்ச முடியாது என்று அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. தங்கபுஷ்பம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "வெட்டாதிய மைனி! பூ விட்டிருக்கு மைனி! நான் ஜாமீன்!" உண்மையாகவே அழுதாள். பாத்திமுத்துவும் அழுதாள்.

மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

சொர்ணக்கனி கோடாலியை இறக்கவில்லை. "ஏட்டி, நீ மெரட்டுன, நீயே கெஞ்சுத. அது உனக்கும் அதுக்கும் உள்ள கணக்கு, முடிஞ்சுபோச்சு. ஆனா வெட்டுன்னு சொன்ன ஆளு யாரு?"

எல்லா முகமும் திரும்பியது. பின்வரிசையில், வெள்ளைச்சட்டையில், கையில் தண்ணீர் வாளியோடு தவசிமுத்து நின்றிருந்தார். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று கொண்டுவந்தவர், ஐம்பது நாளாக அதன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏலே தவசி" என்றாள் அக்கா. "சொல்லுல. வெட்டட்டுமா?"

அவர் வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்துக்குப் போனது. "ச" என்று தொடங்குவதற்காக உதடு விரிந்ததைத் தெருவே பார்த்தது, தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். வாளி கீழே விழுந்து உருளுகிற சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தால், அவர் மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"வேண்டாம்" என்றார். பாதிதான் வெளியே வந்தது. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "வெட்டக் கூடாது. நான் ஊத்துன தண்ணி. நான் சுமந்த ஐஸு. காய்ச்சாலும் சரி, காய்க்காட்டாலும் சரி, இது நிக்கும்." பிறகு திரும்பி, இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகப் பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்து, "நீ சொன்னாலும் வெட்டக் கூடாது, புஷ்பம்" என்றார்.

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கபுஷ்பத்தைப் பார்த்தது. ஊரறிய எதிர்த்துப் பேசிவிட்டாரே, என்ன சொல்லப்போகிறாளோ என்று. அவளுக்கோ உள்ளங்காலிலிருந்து ஒரு சந்தோஷம் ஏறி வந்தது, வந்த வேகத்தில் சிரிப்பாக வெடித்தது, அவள் சிரித்ததைப் பார்த்து சொர்ணக்கனி கோடாலியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள், பதினான்கு வீட்டுக்காரர்களும் காரணம் கேட்காமல் சிரித்தார்கள். மேலே கிளைகள் தட்டுத் தட்டாக ஆடின. ஒரே ஒரு சிவந்த இலை சுற்றிச் சுற்றி இறங்கி, தவசிமுத்துவின் வழுக்கைத் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

மறுநாள், பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் நடுவில், மரம் வீட்டுக்கு வந்துவிட்டது. குழி மூடியிருந்தது. ஒரு பூ உதிரவில்லை.

ஆனி மாதம் காய்த்தது. சும்மா காய்க்கவில்லை, தான் தங்கிய பன்னிரண்டு வீட்டுக்கும் எட்டாம் நம்பருக்கும் பெட்டி பெட்டியாகப் போகிற அளவுக்குக் காய்த்தது. வௌவால்கள் அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வந்தன, அவற்றையும் விருந்தாளி கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எட்வின் வாத்தியார் கொட்டை உடைக்கப் போய் விரலை நசுக்கிக்கொண்டார். சொர்ணக்கனி முந்திரிப்பருப்புக்குப் பதிலாக வாதாம்பருப்பைப் போட்டு மக்ரூன் சுட்டாள், அந்த வாசனைக்கு பஸ்கள் பேருந்து நிலையத்தை விட்டுக் கிளம்ப மறுத்து, தங்கபுஷ்பம் மைக்கில் மூன்று முறை கெஞ்ச வேண்டியிருந்தது.

தவசிமுத்துவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. புதுச்செருப்பு வாங்கிய பிள்ளை வீட்டுக்குள்ளேயும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி, தேவை இருக்கிறதோ இல்லையோ அதை எடுத்து எடுத்துச் சொல்லிப் பார்த்தார். வாசலுக்கு நீலவர்ணம் வேண்டாம். இன்று எண்ணெய்க்குளியல் வேண்டாம். தங்கபுஷ்பம் தெருவில் போய் அலுத்துக்கொள்வாள், "முன்னெல்லாம் எம்புட்டு நல்ல மனுசன், இப்பப் பாருங்க" என்று. சொல்லும்போது முகம் பூரித்துக் கிடக்கும். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அவளால் எப்படி வெளியே சொல்ல முடியும்?

ஒரு நாள் காலை அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இன்னைக்குப் புளிக்குழம்பு வைக்கட்டுமா?"

"வேண்டாம்" என்று மரத்தடியிலிருந்து பதில் வந்தது.

அவள் ஊறப்போட்டிருந்த புளியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பிறகு என்னதான் வேண்டும் என்று கேட்கத் தோட்டத்துக்குப் போனாள்.